திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு: பெற்றோரையும் ஊரையும் பள்ளிக்குள் கொண்டுவரும் வழி

கவுன்சிலிங்கில் இடம் எடுத்து, விழுப்புரத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ பெட்டி படுக்கையோடு அம்பாசமுத்திரம் பக்கமோ ராதாபுரம் பக்கமோ வந்து இறங்கியிருப்பீர்கள். முதல் பெற்றோர் கூட்டத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால், அறுபது வீட்டுக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். வருகிறவர்களும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாமார்தான். யாரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தீர்களோ அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். "இந்த ஊர்க்காரங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறை கிடையாது சார்" என்று ஆசிரியர் அறையில் ஒரு தீர்ப்பும் தயாராக இருக்கும்.

அந்தத் தீர்ப்பை நம்பாதீர்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் கையெழுத்து, புகார், காசு இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருக்கிறது. இந்த மூன்றும் இல்லாமல் நீங்கள் ஒருமுறை அவர்கள் வாசலுக்குப் போய் வந்தால் கதை மாறும். எப்படிப் போவது, எப்போது போவது, போன பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. உயர்நிலைப் பள்ளிக்காரர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் தெருத் தெருவாக நடங்கள்

சேர்ந்த முதல் மாதத்தில், கூட்டம் எதுவும் போடுவதற்கு முன்னால், உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோர் வீட்டுக்கும் போய்விடுங்கள். ஒரு சாயங்காலத்துக்கு நாலைந்து வீடு போதும். கூடவே இன்னொரு ஆசிரியரையோ காலை உணவு சமைக்கிற அக்காவையோ கூட்டிக்கொள்ளுங்கள். கிராமங்களில் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பெரும்பாலும் அதே பள்ளியில் அவர்கள் பிள்ளையும் படிக்கும். எந்தப் பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் வருகிறது, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டுச் சண்டை போடுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும். இத்தனை பெரிய துணை பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கும்போது, பலர் அவர்களிடம் "இன்னைக்கு என்ன, கிச்சடியா?" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

எந்தத் தெருவில் தொடங்குகிறீர்கள் என்பது இந்தச் சீமையில் முக்கியம். பள்ளியிலிருந்து மிகத் தள்ளி இருக்கிற தெருவில் தொடங்குங்கள். அது பெரும்பாலும் காலனியாக இருக்கும். பெரிய தெருவில் தொடங்கி, நேரம் இருந்தால் காலனிக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரம் வரவே வராது. இன்னொன்றும் உண்டு. எந்த வீட்டில் உட்கார்ந்தீர்கள், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள், எந்த வீட்டில் "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்று சொன்னீர்கள் என்பது இருட்டுவதற்குள் எல்லாத் தெருவுக்கும் தெரிந்துவிடும். ஆகவே எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், கொடுத்ததைக் குடியுங்கள். கருப்பட்டிக் காபி கொடுத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

முதல் தடவை போகும்போது நோட்டும் பேனாவும் வெளியே எடுக்கக் கூடாது. ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எதுவும் கேட்கக் கூடாது. பிள்ளையைப் பற்றி உண்மையான ஒரு நல்ல விஷயத்தைத் தெரிந்துகொண்டு போய் அதைச் சொல்லுங்கள். "நல்லாப் படிக்கான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கே தெரியும், டீச்சர் ஒப்புக்குச் சொல்கிறார் என்று. "நேத்து ஒரு சின்னப் பையன் கீழ விழுந்துட்டான், ஒங்க பிள்ளைதான் ஓடிப்போய்த் தூக்கி, முழங்காலக் கழுவி விட்டா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டு ஆச்சியின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

ஆச்சி என்று சொன்னது சும்மா இல்லை. இந்தப் பக்கத்தில் பல பிள்ளைகளை வளர்ப்பது ஆச்சியும் தாத்தாவும்தான். அப்பா சென்னையில் பலசரக்குக் கடையிலோ, மும்பையிலோ, கேரளத்திலோ, வளைகுடாவிலோ இருப்பார். அம்மாவும் திருப்பூர்ப் பக்கம் போயிருக்கலாம். பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயரும் அவர் செல் நம்பரும் இருக்கும். பிள்ளையைக் காலையில் எழுப்பி அனுப்புகிறவரின் பெயர் எதிலும் இருக்காது. வீட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகு, உங்களுக்கென்று ஒரு நோட்டில் பிள்ளையின் பெயருக்கு எதிரே மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார், அவர்கள் எத்தனை மணிக்கு ஓய்வாக இருப்பார்கள், வாசிக்கத் தெரியுமா. மூன்றாவதை நேரடியாகக் கேட்காதீர்கள். பேச்சிலேயே தெரிந்துவிடும்.

"கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். முழுப் பொறுப்பையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்பதை அவர்கள் சொல்கிற விதம் அது. சிரித்துக்கொண்டே, "அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு ஆச்சி. அதுக்குப் பதிலா நீங்க ஒரு வேலை செய்யணும்" என்று பேச்சைத் திருப்புங்கள். என்ன வேலை என்பது கீழே வருகிறது.

அவர்கள் நேரத்துக்குக் கூட்டம் வையுங்கள்

பள்ளிக்கு வசதியான நேரம் பகல் 11 மணி. ஊருக்கு அது ஆகவே ஆகாத நேரம். இந்தச் சீமையில் வேலை ஊருக்கு ஊர் மாறும், நேரமும் அதோடு மாறும்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம், பேட்டை வட்டாரங்களில் பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கூட்டத்தில் போன ஒரு மணி நேரம் அந்த அம்மாவுக்குக் கூலி போன ஒரு மணி நேரம். பீடிக்கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வருகிற நேரம் ஊருக்கு ஊர் வேறு. அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் பள்ளிக்கு வந்து போகிற மாதிரி கூட்டத்தை வைத்தால் கூட்டம் நிறையும். அப்படி முடியவில்லை என்றால் பீடித்தட்டோடு வரச் சொல்லலாமா என்று கேட்பார்கள். பள்ளிக்குள் புகையிலை வேண்டாம். அதற்குப் பதில் பத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுகிற வளவுத் திண்ணைக்கு (பல வீடுகள் ஒன்றாக இருக்கிற இடத்தை இங்கே வளவு என்பார்கள்) நீங்களே போய்விடுங்கள். கூட்டம் அங்கேயே நடக்கும்.

மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற இடங்களில் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தை விட்டுவிடுங்கள். நோன்பு மாதத்தில் சாயங்காலமும் வேண்டாம். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்த நேரம்தான் ஆண்கள் கரையில் இருப்பது நிச்சயம். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொன்னால் பூசை முடிவில் அறிவித்துவிடுவார். திசையன்விளைப் பக்கம் பதநீர்க் காலம் என்றால் அப்பா விடியும் முன்பே பனை ஏறப் போயிருப்பார், அம்மா விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருப்பார். மாலை விளக்கு வைத்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு விட நேரம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு போக நெல் நடவும் நடக்கிற நாட்களில் கூலிக்குப் போகிற அம்மாமார் யாரையும் எதிர்பார்க்காதீர்கள். நூறு நாள் வேலை நடக்கிற வாரங்களில் காலையிலும் பிற்பகலிலும் வேலைத் தளத்தில் வருகைக்குப் போட்டோ எடுப்பார்கள். இரண்டாவது போட்டோ எடுத்த பிறகுதான் அவர்களால் நகர முடியும்.

அப்புறம் கொடை, அதாவது தெருக் கோயில் திருவிழா. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை ஏதாவது ஒரு தெருவில் அம்மன் கொடையோ சுடலை மாடன் கொடையோ இருந்துகொண்டே இருக்கும். சாமக்கொடை முடிந்து வில்லுப்பாட்டும் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் விடியற்காலம்தான் தூங்கப் போவார்கள். மறுநாள் தேர்வு வைத்துவிட்டு மதிப்பெண் குறைவு என்று கவலைப்படாதீர்கள். ஜூன் மாதமே எந்தத் தெருவில் எந்தத் தேதி கொடை என்று கேட்டு வகுப்பறைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தேர்வுக் காலத்தில் கொடை வந்தால், ஒரு மாதம் முன்னாலேயே கோயில் கமிட்டியைப் பார்த்து, பகலில் மட்டும் பள்ளிப் பக்கம் இருக்கிற குழாய் ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். அன்றைக்குக் காலையில் போய்ச் சத்தம் போட்டால் இன்னொரு குழாய் கட்டுவார்கள்.

முதல் கூட்டம்

முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மேடை, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். தலைமை ஆசிரியர் அறையிலும் வேண்டாம், பிள்ளை தினம் உட்காருகிற வகுப்பறையிலேயே வையுங்கள்.

உட்காருவதில் கவனம் தேவை. நாற்காலி பத்துதான் இருக்கிறது என்றால், அந்தப் பத்தில் யார் உட்காருவார்கள், யார் வாசலில் நிற்பார்கள் என்பது பேசாமலே முடிவாகிவிடும். எல்லோருக்கும் நாற்காலி இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். ஜமுக்காளம் விரித்து எல்லோரும், ஆசிரியர்களும் சேர்த்துத்தான், தரையில் உட்காருங்கள். முழங்கால் வலிக்கிற ஆச்சிமாருக்கு மட்டும் பெஞ்சு. அப்பாமார் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நிற்பார்கள். அவர்களிடம் பிள்ளையையே அனுப்பிக் கையைப் பிடித்துக் கூட்டிவரச் சொல்லுங்கள். பிள்ளை வந்து இழுத்தால் எந்த அப்பாவும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பிள்ளையின் நோட்டைக் கொடுங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, தான் எழுதியதை, வரைந்ததைக் காட்டட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தன் அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசிக்கட்டும். அதுதான் கூட்டம். மீதி நேரத்தில் நீங்கள் ஒவ்வொருவரிடமும் போய் இரண்டு வார்த்தை பேசினால் போதும். மதிப்பெண் பட்டியலை எல்லோர் முன்னாலும் வாசிப்பது கூடவே கூடாது. பெயர் கடைசியில் வந்த பிள்ளையின் அம்மா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். நீங்கள் பார்க்க வேண்டியதே அவரைத்தான்.

முதல் கூட்டத்தில் பணம் பற்றிப் பேசாதீர்கள். பெயிண்ட் அடிக்க வேண்டும், மின்விசிறி வாங்க வேண்டும் என்கிற பட்டியல் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அது ஆறு மாதம் கழித்து வரட்டும்.

வாசிக்கத் தெரியாத அம்மா வீட்டில் என்ன செய்யலாம்

"எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்க?" என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

பீடி சுற்றும்போது கை ஓயாது, காது சும்மாதான் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பத்து நிமிடம் சத்தம் போட்டு வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதுல என்ன நடந்துச்சு?" பிள்ளை தன் வாயால் கதையைச் சொல்லும். தடுமாறினால் புரியாமல் வாசித்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை. இதை வெறும் அறிவுரையாகச் சொல்லாமல் கூட்டத்திலேயே ஒரு ஆச்சியையும் பேரனையும் வைத்துச் செய்து காட்டுங்கள். நீங்கள் பேசியது எல்லாம் மறந்துபோனாலும் அது நினைவிருக்கும்.

கணக்குக்கும் வீட்டிலேயே வேண்டியது இருக்கிறது. 25 பீடி ஒரு கட்டு என்றால் ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு, வார முடிவில் கூலி எவ்வளவு என்று பிள்ளை கணக்குப் போட்டு அம்மாவிடம் காட்டலாம். அம்மா மனக்கணக்கில் உங்களையே மிஞ்சுவார், பிள்ளை சொன்னது சரியா என்று நொடியில் சொல்லிவிடுவார். ஆனால் கணக்கு வேறு, வேலை வேறு. பிள்ளையை இலை வெட்டவும் பீடி மடக்கவும் உட்கார வைப்பது வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். புகையிலைத் தூள் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது என்றால் அவர்களுக்குப் புரியும். அந்த இருமல் அவர்களுக்கே இருக்கிறது.

இந்த இடத்தில் அவர்களுக்கு உடனே பயன்படுகிற செய்தி ஒன்றையும் சொல்லுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறை கல்வி உதவித்தொகை தருகிறது. ஒன்றாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, தொழிற்கல்விக்கு 25,000 வரை போகும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வைத்திருப்பவர்களிடம் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வைப் பற்றிச் சொல்லுங்கள். தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெண்பிள்ளைகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. 2024 முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் உண்டு. பள்ளியில் கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். ஊருக்குள் உங்கள் பேச்சு எடுபட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஊரில் உள்ளவர்கள் வந்து சொல்லித் தரட்டும்

பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர், காருக்குறிச்சியில் மண்பானை வனைகிறவர், வீரவநல்லூரில் தறி ஓட்டுகிறவர், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர் என்று இந்தப் பகுதியில் கைவேலைக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம். "வந்து பேசுங்க" என்றால் கூச்சப்பட்டு வரமாட்டார்கள். "உங்க வேலைய எடுத்துட்டு வந்து செய்ங்க, பிள்ளைங்க கேள்வி கேப்பாங்க" என்றால் வருவார்கள். முந்தின நாளே பிள்ளைகளைக் கேள்வி எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பாய்க்கு எத்தனை கோரை, சாயம் எதில் எடுக்கிறீர்கள், ஒரு பாய் நெய்ய எத்தனை நாள் ஆகும், என்ன விலைக்குப் போகும் என்று. வந்தவரின் பிள்ளை அதே வகுப்பில் இருந்தால், அன்று அவன் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதைப் பார்க்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழு

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இது இருக்க வேண்டும். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் பெரிய அளவில் மறுகட்டமைப்பு நடந்தது, 2024இல் மறுபடியும் நடந்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. தலைவர் ஒரு அம்மாவாக இருப்பார். உதவிபெறும் பள்ளியில் வேலை என்றால் (இந்தச் சீமையில் கிறிஸ்தவத் திருச்சபை நடத்தும் திருமண்டலப் பள்ளிகள், சாதிச் சங்கங்கள் நடத்தும் உறவின்முறைப் பள்ளிகள் என்று அவை ஏராளம்) அங்கே குழுவுக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. முடிவெடுப்பது நிர்வாகம். தாளாளரை ஒதுக்கிவிட்டு எதுவும் செய்ய முயலாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சட்டம் இவ்வளவுதான். குழு உயிரோடு இருக்கிறதா, தீர்மான நோட்டில் மட்டும் இருக்கிறதா என்பது உங்கள் கையில். ஒரு குழு செத்துப்போவதற்கு எளிய வழி, தீர்மானத்தை நீங்களே எழுதிவிட்டு வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்குவது. எழுதியதை உரக்க வாசித்துக் காட்டி, "இதில் மாற்றம் உண்டா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.

தலைவியாக இருக்கிற அம்மாவோடு அவர் கணவரும் வந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார். இது எல்லா ஊரிலும் நடக்கும். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். "அண்ணாச்சி, தண்ணித் தொட்டிய கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, குழாய் ஒழுகுது" என்று ஒரு வேலை கொடுத்து வெளியே அனுப்பிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குங்கள். கணவர் இல்லாத இடத்தில் அந்த அம்மா பேசத் தொடங்கினால், பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறையின் கொண்டி உடைந்திருப்பதிலிருந்து எல்லாம் வெளியே வரும்.

குழுவின் முதல் வேலை சின்னதாக, ஒரே மாதத்தில் முடிகிற மாதிரி இருக்க வேண்டும். அந்தக் கழிப்பறைக் கொண்டியே நல்ல தொடக்கம். சுற்றுச்சுவர் வேண்டும் என்று தொடங்கினால் மூன்று வருடம் ஆகும், அதற்குள் குழுவின் காலம் முடிந்துவிடும். சின்ன வேலை ஒன்று முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பெரிய வேலைக்குப் போகலாம். சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை, குடிநீர் இணைப்பு போன்றவற்றைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதி, கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. கோரிக்கையைத் தலைவி அம்மாவே எழுந்து சொல்லட்டும். ஆசிரியர் சொன்னால் அது அரசு ஊழியர் கேட்பது, அம்மா சொன்னால் ஊர் கேட்பது. தீர்மானத்தின் நகலை வாங்கிப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கிறவர்கள், அவர்கள் தருகிற பணம்

பள்ளிக்கு ஊர் கொடுப்பது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கியபோது அது அன்றைய திருநெல்வேலி மாவட்டம். அந்தத் திட்டமே ஊர் மக்கள் பங்களிப்போடுதான் நடந்தது. பின்னாலேயே நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்று அதே வேலைக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. பணமாகத் தருகிறவர்களை அந்த இணையதளத்துக்கு அனுப்பிவிடுங்கள். கையில் ரொக்கம் வாங்காதீர்கள், எவ்வளவு நல்லவர் கொடுத்தாலும். பொருளாகத் தந்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, வந்த பொருளையும் தேதியையும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்.

சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கிற முன்னாள் மாணவர்களைப் பிடிக்க நல்ல நேரம் கொடை, கிறிஸ்துமஸ், கோயில் அசனம் (தேவாலயத்தில் ஊரே சேர்ந்து சாப்பிடுகிற விருந்து) மாதிரி நாட்கள். குடும்பத்தோடு வந்திருப்பார்கள், மனமும் இளகியிருக்கும். பள்ளியைத் திறந்து வைத்து, பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அவரவர் பெயரைத் தேடிக் காட்டுங்கள். பணம் கேட்கும் முன் நேரம் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகத் துடிக்கிற பையனிடம், "பத்தாவது முடிக்காம வந்து நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாதுலே" என்று கடைக்கார அண்ணாச்சி ஒருவர் சொன்னால், நாம் பத்து வகுப்பில் சொன்னதைவிட அது உறைக்கும்.

நன்கொடைக்குப் பெயர்ப் பலகை கேட்பார்கள். பெயர் போடலாம். சாதிப் பெயரோ சங்கத்தின் பெயரோ பள்ளிச் சுவரில் ஏறக் கூடாது. இதில் இடம் கொடுத்தால் அடுத்த தெருவும் ஒரு சுவர் கேட்கும்.

சாதியைப் பேசாமல் முடியாது

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டக் கூடாது என்பது அதில் ஒன்று. இந்த மண்ணில் 'சமூகத்தைப் பள்ளிக்கு அழைப்பது' என்றால் என்ன ஆபத்து என்று தெரிந்துகொண்டுதான் அழைக்க வேண்டும். பல ஊர்களில் ஊர்க் கூட்டம் என்பதே ஒரு சாதியாரின் கூட்டம். ஊர்த் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊருக்கே சொன்னதாகும் என்று நினைத்தால், பாதிப் பிள்ளைகளின் வீட்டுக்குச் செய்தி போகாது. போனாலும் அவர்கள் வரமாட்டார்கள்.

ஆகவே அழைப்பை எப்போதும் வீடு வீடாகவே கொடுங்கள். மேலாண்மைக் குழுவில் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஆள் இருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். விழாவில் குத்துவிளக்கு ஏற்ற, பரிசு கொடுக்க ஒரே குடும்பத்தை அழைக்காதீர்கள். ஆண்டு விழாச் சாப்பாட்டில் எல்லோரும் ஒரே பந்தியில், வந்த வரிசையில் உட்காரட்டும். கயிறு விஷயத்தில் பையனை வகுப்பில் நிறுத்தி அறுத்தால் அது வீம்பாகும். அம்மாவை வரச் சொல்லி, "இந்தக் கயித்த வச்சுத்தான் எவன் எந்தப் பக்கம்னு பாக்கானுக. நம்ம பிள்ளைக்கு அது வேண்டாம்" என்று சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் அன்றைக்கே கழற்றிவிடுவார்கள். பயம் அவர்களுக்கும் இருக்கிறது.

சமைக்கிறவர் இன்ன சாதி என்று சொல்லிப் பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்கிற வீடு வந்தால், சமையல் ஆளை மாற்றுகிற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, ஆசிரியர்கள் எல்லோரும் அதே சாப்பாட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பிள்ளைகளுக்குள் அடிதடி என்றால் இரண்டு வீட்டாரையும் முதலில் தனித்தனியாகக் கூப்பிட்டு முழுதாகக் கேளுங்கள், மறுநாள் சேர்த்து வையுங்கள். பெற்றோர் மட்டும் வரட்டும். "நம்ம ஆளுங்க நாலு பேரையும் கூட்டிட்டு வாரோம்" என்றால் கேட்டுக்கு உள்ளே விடாதீர்கள். பள்ளிக்குள் பஞ்சாயத்து கூடாது. ஒரு பிள்ளைக்கு மிரட்டல் இருக்கிறது என்று தெரிந்தால் சமாதானம் பேசிக்கொண்டிராமல் காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழு

வேண்டும். ஆனால் எழுத்துச் செய்தி வாசிக்கத் தெரியாதவர்கள் பலர் என்பதால் உங்கள் குரலில் அரை நிமிடம் பேசி அனுப்புங்கள். ஆசிரியர்கள் மட்டும் செய்தி போடும்படி வையுங்கள். இல்லையென்றால் இரண்டாம் நாளே தலைவர் படங்களும் ஜெயந்தி வாழ்த்துகளும் வந்து நிற்கும். வெளிநாட்டில் இருக்கிற அப்பாவுக்கு மாதம் ஒருமுறை பிள்ளை வாசிக்கிற வீடியோ ஒன்று தனியாக அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள், ஒப்பிட்டுப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பிள்ளை வராமல் போனால்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் நாலாவது நாள் போன் செய்யாதீர்கள், நேரில் போங்கள். முதலில் சொன்னபடி நடந்து பழகியிருந்தால் வீடு தெரியும், வீட்டாருக்கும் உங்களைத் தெரியும். காரணம் காய்ச்சலாக இருக்கலாம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்கலாம். தம்பியை அங்கன்வாடியில் சேர்த்துவிட்டால் அக்கா பள்ளிக்கு வந்துவிடுவாள், அதற்கு நீங்களே அங்கன்வாடி ஆசிரியையிடம் பேசலாம். காரையாறுக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை என்றால் ஊருக்குப் போய்த் திரும்ப வண்டி கிடைக்காமல் இருந்திருக்கும். விடுதிக் காப்பாளரின் எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

பையன் வேலைக்குப் போய்விட்டான் என்றால் வீட்டாரைத் திட்டிப் பயனில்லை. யார் கூட்டிப்போனது, எந்த ஊர்க் கடை என்று கேட்டு, மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருக்காரர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் தாமதிக்காமல் 1098. யார் சொன்னது என்று வெளியே தெரியாது. படிப்பு, உதவித்தொகை, மேற்படிப்பு பற்றிய சந்தேகங்களுக்கு 14417 இருக்கிறது. அந்த இரண்டு எண்ணையும் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரை ஊர்களில் பள்ளிகளே முகாம்களாக இருந்தன. அப்போது எந்தத் தெருவில் யார் வீடு, யாரிடம் போன் இருக்கிறது, எந்த வீட்டில் நடக்க முடியாத தாத்தா இருக்கிறார் என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் எவ்வளவு வேலை மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் நோட்டில் தெருவாரியாக அதையும் எழுதி வையுங்கள். வருடா வருடம் ஜூனில் புதுப்பியுங்கள். மாறுதல் வந்து போகும்போது அதை அடுத்து வருகிற ஆசிரியரிடம் கொடுத்து, முடிந்தால் ஒரு சாயங்காலம் அவரையும் கூட்டிக்கொண்டு தெருக்களைச் சுற்றி வாருங்கள், தள்ளி இருக்கிற தெருவிலிருந்து தொடங்கி.